சீட்டு திரும்புவதற்கு முன்னால்

தன் முன்னால் இருந்த பந்தய வில்லைகள் அத்தனையையும் இரண்டு கைகளாலும் அணைத்து மேஜையின் நடுவுக்குத் தள்ளியாயிற்று. எதிராளியும் தள்ளிவிட்டார். இனி மனிதர்கள் செய்ய ஒன்றுமில்லை, சீட்டு பேச வேண்டியதுதான். இந்த இடத்தில் மற்றவர்கள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து நிற்பார்கள், கழுத்தைச் சொடுக்குவார்கள், கண்ணை மூடி உதட்டை அசைப்பார்கள். ஊசியம்மா எழுந்திருப்பதில்லை. கைப்பையைத் திறந்து, மருந்துக் கம்பெனிக்காரர் கொடுத்த குட்டி டைரியை எடுக்கிறாள். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு தேதிக்குப் பக்கத்தில் ஒரே ஓர் எழுத்தை எழுதுகிறாள். ஒன்று 'ச', இல்லையென்றால் 'த'. சரி, அல்லது தப்பு. எழுதி, மூடி, பைக்குள் போட்ட பிறகு, சீட்டுப் போடும் டீலரை நிமிர்ந்து பார்த்து, "ம்... இப்ப திருப்புங்க" என்கிறாள்.

"ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு பாத்துட்டு எழுதக் கூடாதா சிஸ்டர்?" என்று ஒரு புது ஆள் கேட்டார்.

"பாத்துட்டு எழுதினா கை பொய் சொல்லும்" என்றாள்.

போக்கர் சீட்டாட்டம் நடக்கும் அந்த மாடி, ஒரு நாற்காலிக் கடைக்கு மேலே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போட்டி. ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாக, மேஜைக்கு நடுவே ஐந்து சீட்டு வெளிச்சமாக. நம்முடைய வில்லை தீர்ந்தால் பையை மாட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டியதுதான். கையிருப்பை எல்லாம் ஒரே ஆட்டத்தில் வைத்துவிடுவதற்கு அங்கே ஆல்-இன் என்று பெயர். அங்கு வருபவர்களில் லாரி ஓட்டுபவர் உண்டு, பல் மருத்துவர் உண்டு, ரிட்டயர்டான கணக்கு வாத்தியார் உண்டு. ஐம்பத்திரண்டு வயதுப் பெண் இவள் ஒருத்திதான். முதல் நாள் "வழி தவறி வந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டவர்கள் இப்போது இவள் எதிரில் உட்கார நேர்ந்தால் பெருமூச்சு விடுகிறார்கள்.

வார நாட்களில் இவளுக்கு வேறு மேஜை. ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை, ஒரு நாளைக்கு எண்பது கைகள் இவள் முன்னால் நீளும். இருபத்தாறு வருஷமாக ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறாள். அதனால்தான் ஊசியம்மா. நரம்பை இவள் கண்ணால் தேடுவதில்லை. முழங்கை மடிப்பில் விரலை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்ப்பாள். விரல் சொன்ன பிறகு கண் திரும்பும். "வலிக்குமா?" என்று கேட்பவர்களிடம் மற்றவர்கள் "எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்பார்கள். இவள் சொல்வது, "வலிக்கும். ஒரு நிமிஷம் வலிக்கும்." குழந்தைகளிடமும் அதையேதான் சொல்வாள். ஆச்சரியம், குழந்தைகள் இவளிடம்தான் குறைவாக அழும்.

இரண்டு தடவை குத்துவாள். கிடைக்கவில்லையென்றால் கையுறையைக் கழற்றிவிட்டு, "எனக்கு இன்னைக்கு உங்க நரம்பு குடுப்பினை இல்ல, வேற ஆள் வருவாங்க" என்று எழுந்துவிடுவாள். மூன்றாவது குத்து வீம்புக்குக் குத்துவது என்பது அவள் கட்சி. சீட்டிலும் அப்படியே. மாதத்தில் ஒரு நாள் கூடுதல் ஷிஃப்ட் பார்ப்பாள். அந்தச் சம்பளம்தான் போட்டிக்கு. உலை வைக்கிற காசு மாடிப்படி ஏறாது.

இப்படிப்பட்டவள் சீட்டாட எதற்குப் போனாள்? அதற்கு அவள் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அச்சகத்தில் மெஷின் ஓட்டியவர். விரல் இடுக்கில் மசி போகாத மனிதர். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வயிற்றில் கட்டி என்றார்கள். பெரிய டாக்டர் இவளையும், பதினாறு வயது மகளையும் உட்கார வைத்துப் பேசினார். ஆபரேஷன் செய்தால் நூற்றுக்கு எண்பது பேர் பிழைக்கிறார்கள். செய்யாவிட்டால் ஆறு மாதம், அதுவும் வலியோடு. அவர் வலிக்குக் கொடுத்த மருந்தின் மயக்கத்தில் இருந்தார். இவள்தான் படிவத்தை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் பகல் பதினொன்றரைக்கு ஆபரேஷன் மேஜையிலேயே அவர் போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் வழக்கமாகச் சொல்வதைத்தான் சொன்னார்கள். "என்ன பண்றது, எல்லாம் தலையெழுத்து." எந்தப் பெண்ணும் அதைக் கேட்டுத் தலையாட்டியிருப்பாள். ஒதுங்கி நிற்க அதைவிட நல்ல நிழல் ஏது? இவள் தலையை நிமிர்த்தி, "தலையெழுத்து இல்ல, கையெழுத்து. என்னோடது. யோசிச்சுத்தான் போட்டேன்" என்றாள்.

கணவரின் அக்கா, இவளுடைய நாத்தனார், புடவைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்தார். "கேட்டீங்களா? அவளே ஒத்துக்கிட்டா. என் தம்பியைக் கையெழுத்துப் போட்டே அனுப்பிட்டா." அன்றிலிருந்து அந்த வீட்டில் இவளுக்குப் பெயர் 'கையெழுத்துக்காரி'. விசேஷத்துக்குச் சொல்லி அனுப்புவார்கள். போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கொழுந்தன் மட்டும் பேசுவார். பேசினால் ஒரே பேச்சுதான். "கொஞ்சம் பொறுத்திருக்கலாம் அண்ணி." எதற்குப் பொறுப்பது, எத்தனை நாள் பொறுப்பது என்று கேட்டாலும் பொறுத்திருக்கலாம், அவ்வளவுதான்.

ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் எல்லாம் ஆறிப்போயிருக்கும் என்று அக்கம்பக்கத்தார் சொன்னதுண்டு. "அழுதேன். இன்னும் அழறேன். ஆனா தப்புன்னு மட்டும் சொல்ல மாட்டேன். இன்னைக்கு அதே பேப்பரைக் கொண்டுவந்து வெச்சாலும் அதே எடத்துலதான் போடுவேன்" என்பாள். சொல்லும்போது குரல் உடையாது. ஆனால் அன்று முழுக்க யாரிடமும் பேச மாட்டாள்.

அந்தச் சமயத்தில்தான், எக்ஸ்ரே எடுக்கும் சக பணியாளர் ஒருவர், "சும்மா வந்து வேடிக்கை பாருங்க சிஸ்டர், மனசுக்கு மாறுதலா இருக்கும்" என்று மாடிக்கு அழைத்துப்போனார். ஆட்டம் புரியவில்லை. ஆனால் ஒன்றைப் பார்த்தாள். லாரிக்காரர் மிக நல்ல சீட்டோடு எல்லாவற்றையும் வைத்தார். கடைசிச் சீட்டில் தோற்றார். எழுந்தார். மேஜையிலிருந்த எட்டுப் பேரும், அவரைத் தோற்கடித்தவர் உட்பட, "நல்லா ஆடினீங்க, சரியான ஆட்டம்" என்றார்கள். அதை ஆறுதலாகச் சொல்லவில்லை. தராசு முள்ளைப் பார்த்து எடை சொல்வது போலச் சொன்னார்கள்.

"தோத்தவனைப் பாத்து, நீ செஞ்சது சரிதான்னு சொல்ற எடம் ஒண்ணு இந்த உலகத்துல இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும்" என்கிறாள். அடுத்த ஞாயிறு கணக்கு வாத்தியார் பக்கத்தில் போய் உட்கார்ந்து கற்றுக்கொள்ளத் தொடங்கினாள்.

வாத்தியாருக்கு அவளிடம் பிடித்தது அவள் கணக்கு அல்ல. கணக்கு யாருக்கும் வரும். ஒரு நல்ல முடிவு ஐந்தாறு முறை அடுத்தடுத்து அடி வாங்கினால் ஆளே மாறிப்போவார்கள். ஒன்று பயந்து சுருங்குவார்கள், இல்லை வெறி பிடித்து இறைப்பார்கள். இவள் ஒரு முறை நான்கு மாதம் தொடர்ந்து தோற்றாள். டைரியில் 'ச', 'ச', 'ச' என்றே இருந்தது. "நூறு ஆட்டம் ஆடினா நான் யாருன்னு தெரியும் சார். ஒரு ஆட்டம் ஆடினா சீட்டு யாருன்னுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு ஐந்தாவது மாதமும் அதே நேரத்துக்கு வந்து அதே மாதிரி ஆடினாள்.

அதே கண்டிப்பு தன் மீதும் உண்டு. வீட்டில் ஒரு வெற்றிக்கோப்பை இருக்கிறது. அதில் துணி கிளிப்புகளைப் போட்டு வைத்திருக்கிறாள். அந்தப் போட்டியில் எவனோ ஒருவன் "அம்மாவுக்குத் தூக்கம் வந்துருச்சு போல" என்று கிண்டல் செய்ய, கோபத்தில் ஒன்றுக்கும் உதவாத சீட்டோடு எல்லாவற்றையும் வைத்தாள். கடைசிச் சீட்டு வந்து தூக்கி நிறுத்தியது. கைதட்டலுக்கு நடுவே டைரியில் 'த' இருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் கோப்பையைப் பார்த்து "பெரிய கெட்டிக்காரிதான்" என்றால், "அது நான் முட்டாளா நடந்துக்கிட்டதுக்குக் குடுத்தது" என்பாள்.

இவள் சீட்டாடும் விஷயம் கொழுந்தனுக்கு எட்டியபோது வீடு தேடி வந்தார். அன்றைக்கு அவர் கேட்டது ஒன்று மட்டும் உள்ளே இறங்கியது. "சீட்டுன்னா நூறு ஆட்டம் ஆடலாம் அண்ணி. இன்னைக்குப் போனா நாளைக்கு வரும். அண்ணன் ஒருத்தன்தானே?"

ஊசியம்மா மூன்று நாள் அந்தக் கேள்வியோடு சமைத்தாள், பஸ் ஏறினாள், ஊசி குத்தினாள். நான்காம் நாள் மதிய இடைவேளையில் போன் செய்தாள். "ஒரே ஒரு ஆட்டம்தான்னா, இருக்கறதுலயே நல்ல சீட்டோடதான் உள்ள போகணும். எண்பதைக் கீழ வெச்சுட்டு ஒண்ணுமில்லாததைக் கையில புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கச் சொல்றீங்களா? உங்க அண்ணன் ஒருத்தர்தான். அதனாலதான் போட்டேன்." அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள்.

போன வருஷக் கடைசியில் பெரிய போட்டி வந்தது. ஒரு ஹோட்டலின் கூடத்தில் முந்நூற்றுப் பதினாறு பேர், இரண்டு நாள். சனிக்கிழமை முடிவில் நாற்பது பேர் மிஞ்சினார்கள். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு ஒன்பது பேர். அந்த ஒன்பதில் இவள் இருந்தாள். பயணச்சீட்டு அலுவலகத்தில் வேலை பார்க்கும் மகள், முதல் முறையாக அம்மா ஆடுவதைப் பார்க்க வந்து கயிற்றுக்கு அப்பால் நின்றிருந்தாள். மகளுக்கு இப்போது இருபத்தைந்து. அப்பா விஷயத்தில் அவள் அத்தை பக்கமும் பேசியதில்லை, அம்மா பக்கமும் பேசியதில்லை. அந்த மௌனம்தான் ஊசியம்மாவுக்கு எல்லோருடைய பேச்சையும்விடக் கனம்.

இவளுக்குக் கிடைத்தவை இரண்டு ராணிகள். எதிரே தொப்பி போட்ட ஆள் ஒருவர் எல்லாவற்றையும் நடுவில் தள்ளினார். ஒரு மணி நேரமாக அவர் அப்படித்தான் தள்ளிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் ஒதுங்கி ஒதுங்கி வழி விட்டார்கள். அவரிடம் இவளைவிடக் கொஞ்சம் அதிக வில்லை. தோற்றால் இவள் வெளியே. மேஜையில் இன்னும் இரண்டு பேர் மூச்சு முட்டிக்கொண்டிருந்தார்கள். இவள் இந்த ஆட்டத்தை விட்டுவிட்டு அரை மணி சும்மா உட்கார்ந்திருந்தால் அவர்கள் விழுவார்கள். ஏழாம் இடம் தானாக வரும்.

ஊர்ந்து ஊர்ந்து ஏழாம் இடத்துக்குப் போக அவள் வரவில்லை. வில்லைகளைத் தள்ளினாள். டைரியை எடுத்தாள், எழுதினாள், மூடினாள்.

தொப்பிக்காரர் திருப்பிக் காட்டியது இரண்டு ஒன்பது. ஐந்தில் நான்கு பங்கு ஆட்டம் இவள் பக்கம். நடுவில் முதல் மூன்று சீட்டுகள்: ராஜா, ஏழு, மூன்று. பயமில்லை. அடுத்தது நான்கு. இன்னும் ஒரு சீட்டு. கண்ணில் படாத சீட்டுகள் நாற்பத்துநான்கு; அதில் தொப்பிக்காரரைக் காப்பாற்றக் கூடியவை இரண்டே இரண்டு. டீலர் திருப்பினார். ஒன்பது.

கூடமே 'ஓ' என்றது. தொப்பிக்காரர் எழுந்து வந்து, "சாரி சிஸ்டர்" என்றார். முகத்தில் நிஜமாகவே வருத்தம்.

"சாரி எதுக்கு? சீட்டு உங்களைக் கேட்டுக்கிட்டா வந்துச்சு?" என்று கை கொடுத்துவிட்டு, கைப்பையை மாட்டிக்கொண்டு நேராகக் கழிவறைக்குப் போனாள். வேலை முடிந்ததும் செய்வது போல முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள். கண்ணாடியில் தெரிந்த முகம் கொஞ்சம் கோணியது. தண்ணீரை வாரி அதன் மேல் அடித்தாள். வலிக்கும். ஒரு நிமிஷம் வலிக்கும்.

வெளியே மகள் இரண்டு டீ வாங்கி வைத்திருந்தாள். ஒரு பெஞ்சில் உட்கார்ந்து குடிக்கத் தொடங்கினார்கள்.

"அரை மணி நேரம் காத்திருந்தா ஏழாவது வந்திருக்கும்ல?" என்றாள் மகள்.

"வந்திருக்கும்."

"அப்புறம் ஏம்மா?"

ஊசியம்மா டைரியை எடுத்து அன்றைய தேதியைத் திறந்து மகள் கையில் கொடுத்தாள். 'ச' என்ற அந்த ஒற்றை எழுத்தை மகள் பார்த்தாள். முன்பக்கங்களைப் புரட்டினாள். 'ச'வும் 'த'வும் கலந்து கலந்து; ஜெயித்ததா தோற்றதா என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. வெகு நேரம் புரட்டிவிட்டு, தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"அப்பாவுக்கும் இப்படி ஏதாவது எழுதி வெச்சியா?"

ஒன்பது வருஷம் கழித்து வந்த கேள்வி. ஊசியம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்போ நோட்டு கிடையாது. நீதான் பக்கத்துல இருந்த. டாக்டர் சொன்னது எல்லாத்தையும் நீயும் கேட்ட. நீ சொல்லு."

மகள் யோசித்தாள். "ஆபரேஷன் இல்லேன்னா ஆறு மாசம்னாரு."

"ஆமா."

"அதுவும் வலியோட."

"ஆமா."

"செஞ்சா நூத்துக்கு எண்பது."

"ஆமா."

மகள் டைரியை மூடித் திருப்பிக் கொடுத்தாள். "அப்ப இதுல கேள்வியே இல்லையேம்மா" என்றாள். பிறகு, ஏதோ கோபம் வந்தவள் போல, "நான் ஏன் இத்தனை நாளா கேக்காம இருந்தேன்?" என்றாள். ஊசியம்மா மகளுடைய டீயையும் எடுத்துக் குடித்துவிட்டாள். எதைக் குடிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு மூன்று மாதம் இருக்கும். ஒரு புதன்கிழமை காலை, நாற்பத்தோராம் நம்பர் டோக்கனோடு வந்து உட்கார்ந்தவர் நாத்தனார். அவரும் இவளை எதிர்பார்க்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. எழுந்துபோகப் பார்த்தார், பின்னால் வரிசை நின்றது. கையை நீட்டினார். இளைத்துப்போன கை, ஒளிந்துகொண்ட நரம்பு. ஊசியம்மா விரலை வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். முதல் குத்திலேயே கிடைத்தது.

"இதயத்துல வால்வு சரியில்லையாம்" என்றார் நாத்தனார், குழாயில் ஏறும் ரத்தத்தைப் பார்த்தபடி. "ஆபரேஷன்னு சொல்றாங்க. தம்பி வேண்டாங்கறான். பொறுத்துப் பாக்கலாங்கறான்."

"நூத்துக்கு எத்தனைன்னு கேட்டீங்களா பெரியக்கா?"

"தொண்ணூறுன்னாங்க."

"செய்யாம விட்டா?"

"ஒரு வருஷம் தாண்டறது கஷ்டம்னாங்க." பிறகு, "நீ என் எடத்துல இருந்தா என்ன பண்ணுவ?" என்றார்.

"நான் என்ன பண்ணுவேன்னு உங்களுக்குத் தெரியும். ஒம்பது வருஷமா அதைத்தானே சொல்லித் திட்டறீங்க."

நாத்தனாரின் கண் கலங்கியது. "எல்லாம் நல்லபடியா முடியட்டும். எழுந்து வந்து, உன்னைப் பேசினதுக்கெல்லாம் மன்னிப்பு கேக்கறேன்."

ஊசியம்மா ஊசியை உருவினாள். பஞ்சை வைத்து, அழுத்திப் பிடித்துக்கொண்டே குனிந்தாள்.

"மன்னிப்பு வேண்டாம். நான் அன்னைக்குச் செஞ்சது சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. சொல்றதா இருந்தா இப்பவே சொல்லுங்க. நீங்க பொழைச்சு வந்து சொன்னா அது உங்க ஆபரேஷன் சொல்றது. எனக்கு அது வேண்டாம். சொல்ல மனசு வரலைன்னா சொல்லாதீங்க. அதுக்காக நான் உங்களைப் பாக்க வராம இருக்க மாட்டேன்."

வரிசையில் யாரோ செருமினார்கள். நாத்தனார் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்தார். இரண்டடி போனார். திரும்பி வந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் காதிலும் விழும்படி சொன்னார். "சரிதான். நீ அன்னைக்குப் போட்டது சரிதான்."

"நாப்பத்திரெண்டு" என்று ஊசியம்மா அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். குரல் மட்டும் வழக்கத்தைவிடப் பெரிதாக வந்துவிட்டது.

அடுத்த வாரம் ஆபரேஷன். படிவத்தில் நாத்தனார் தானே கையெழுத்துப் போட்டார். அன்று காலை நடைபாதையில் உறவுக்காரர்கள் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். கொழுந்தன் மூலைக்கு மூலை நடந்து, "ஒரு வாரம் தள்ளிப்போட்டுப் பாக்கலாமே, என்ன கொறைஞ்சுபோச்சு" என்று எல்லோர் காதிலும் போட்டுக்கொண்டிருந்தார். ஊசியம்மா லீவு போட்டுவிட்டு வந்து சுவரோரமாக நின்றாள். யாரும் அவளுக்கு நாற்காலி நகர்த்தவில்லை. தள்ளுவண்டியில் நாத்தனாரைக் கொண்டுவந்தார்கள். கதவு திறந்து மூடியது. சிவப்பு விளக்கு எரிந்தது.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒருத்தி அட்டையும் பேனாவுமாக வெளியே வந்தாள். "உள்ள ஏதாவது முடிவெடுக்கணும்னா யாரைக் கூப்பிடறது? பேஷன்ட்டுக்குப் பொறுப்பு யாரு?"

கொழுந்தன் சட்டைப் பையில் போனைத் தேடினார். மற்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மெதுவாகப் பின்வாங்கித் தூணோடு ஒட்டிக்கொண்டார்.

சுவரோரமிருந்து ஊசியம்மா வலது கையை உயர்த்தினாள். முழங்கை மடங்காமல், வகுப்பில் விடை தெரிந்த பிள்ளை தூக்குவது போல, எல்லோருடைய தலைக்கும் மேலே தெரியும்படி.